ஈரப் பானையில் வைத்த அளவு

பந்தல்குடி ரோட்டோரக் கடையில் இன்று காலை ஒரு பானை வாங்கினேன். போன கோடையில் வைத்த பானை அடியில் விரிசல் விட்டுவிட்டது. புதியதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து வாங்கி வந்து, நம் ஷெட்டின் மூலையில் மணலைக் குவித்து உட்கார வைத்து, முதல் குடம் தண்ணீரை ஊற்றினேன். நனைந்த மண்ணின் வாசம் எழுந்தது. அது மற்றவர்களுக்கு முதல் மழையை நினைவுபடுத்துமாம். எனக்கு கிரைண்டிங் மெஷினில் பால் போல ஓடும் எண்ணெய்த் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. அதன் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நீ நின்றிருந்தாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய குறைகள் நிறையச் சேர்ந்துவிட்டன. மின்சாரம், வரி ஆபீஸ், பக்கத்து நிலத்துக்காரன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் விடிந்துவிடும். ஆனால் உண்மை என்னவென்றால் நான் நன்றாக இருக்கிறேன். ஷெட் ஓடுகிறது. ஷாஃப்டுகள் போகின்றன, எதுவும் திரும்பி வருவதில்லை. சாயங்காலம் திருச்சுழி ரோட்டில் காற்று இறங்கும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறேன், மனம் அமைதியாக இருக்கிறது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். வெளியே தெரிந்தால் என் பெயர் கெட்டுவிடும்.

கோபத்தைப் பத்திரமாக வைத்திருப்பவன் என்றுதானே எனக்குப் பெயர். மதுரையில் நாம் சேர்ந்து படித்து முடித்த வருஷம், மில்லில் என்ஜினியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேனே, அந்த மேனேஜர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி நான் யார் வீட்டுப் பையன் என்பது. வேலை அவருடைய அக்காள் மகனுக்குப் போயிற்று. அந்த மேனேஜரின் முகத்தை இன்றும் என்னால் வரைய முடியும். நீ சிரிப்பாய். "வாராவாரம் கோயிலுக்குப் போயி மன்னிப்பைப் பத்திக் கேக்குறது நீயி. மன்னிக்கிற வேலையெல்லாம் எந்தலையில" என்பாய். எங்கள் போதகரிடம் ஒருமுறை இதைச் சொல்லித் தொலைத்தாய். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

நீ அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்தபோது உன் வீட்டில் மூன்று நாள் அடுப்பு சரியாக எரியவில்லை. தலைமுறையாகத் தறி போட்ட குடும்பத்தில் முதல் முதலாக ஒருவனுக்கு ஆபீஸ் நாற்காலி கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுக் கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு, தண்ணீர் இறைக்கும் மோட்டார்களுக்குள் சுழலும் ஷாஃப்ட் தேய்த்துக் கொடுக்கிறேன் என்று கிளம்பினால் யார்தான் பொறுப்பார்கள்? நீ பொறுமையாகச் சொன்னாய்: "தறியில பூட்டுன நூலு மாதிரிதான். பிசகில்லாம ஓடணும், அவ்வளவுதான்."

அளவு பார்க்கும் கேஜ் வந்த நாளை நினைத்துப் பார். கோயம்புத்தூரில் மூடிவிட்ட ஒரு கம்பெனியிலிருந்து பழையதாக வாங்கியது. இரண்டு இரும்பு விரல்கள், விரல் நுனியில் தேயாத கல், ஒரு பெட்டி, பெட்டியில் அளவு காட்டும் ஒரு முள், மஞ்சளும் பச்சையுமாக இரண்டு விளக்கு. அதுவரை நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? மெஷினை நிறுத்துவோம், ஷாஃப்டைத் துடைப்போம், மைக்ரோமீட்டரால் அளப்போம், மறுபடி ஓட்டுவோம், மறுபடி நிறுத்துவோம். ஒரு தடவை அதிகமாகத் தேய்த்துவிட்டால் முடிந்தது. தேய்ந்த இரும்பை யாரும் ஒட்ட வைக்க முடியாது. கேஜ் வந்தபின் நிறுத்த வேண்டியதில்லை. ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரல்களும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அளவு நெருங்கினால் மஞ்சள் எரியும். மெஷினின் சாணைக்கல் தானே வேகம் குறைத்து மெதுவாகத் தேய்க்கும். அளவு வந்ததும் பச்சை எரியும். சாணைக்கல் தானே பின்வாங்கிவிடும். யார் கையும் படாது.

எனக்கு அதைப் பிடித்துப்போனதற்குக் காரணம் உனக்குத் தெரியும். அது முகத்தைப் பார்க்காது. யார் வீட்டு இரும்பு என்று கேட்காது. "இவன் ஒரு பெட்டியைப் போயி கல்யாணம் கட்டிக்கிடுவான் போலயே" என்று நீ மெஷின் ஓட்டுபவரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

அந்தக் கேஜுக்கு ஒன்றை மட்டும் நாம்தான் சொல்லித் தர வேண்டும்: சரியான அளவு எது என்பதை. அதற்காகத்தான் மாஸ்டர். கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு சின்ன உருக்குத் துண்டு, மிகச் சரியான அளவில் செய்தது. காலையில் அதை இரண்டு விரல்களுக்கும் நடுவில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, இதுதான் சரி என்று சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு அன்றைக்கு முழுக்க வருகிற எல்லாவற்றையும் அது அந்தத் துண்டோடு ஒப்பிட்டே அளக்கும்.

மார்கழியில் முதல் லோடு போயிற்று. நம்மிடம் ஷாஃப்ட் வாங்கிய கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனிக்காரர்கள் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. தையில் போனதும் அப்படியே. நீ புதுச் சட்டை எடுத்தாய். நான்கூட ஒரு வாரம் யாரையும் திட்டவில்லை.

பங்குனி பிறந்ததும் தகரம் காய ஆரம்பித்தது. மத்தியானத்தில் மெஷின் கைப்பிடியைத் துணி இல்லாமல் தொட முடியாது. தொட்டியிலிருக்கும் எண்ணெய்த் தண்ணீர் குளிக்கிற வெந்நீர் போல ஆகிவிடும். அளவு என்பது இருபது டிகிரியில் எடுக்க வேண்டியது என்று நாம் இருவரும் படித்தவர்கள்தானே. ஏ.சி. அறைக்கு எங்கே போவது? அப்போதுதான் நீ பானையோடு வந்தாய்.

உங்கள் வீட்டில் கோடை வந்தால் ஊடை நூல் சுற்றிய தார்களை ஈரப் பானைக்குள் போட்டு வைப்பார்கள். காய்ந்த நூல் தறியில் அறுந்துவிடும். வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டியது எதுவானாலும் அதற்கு ஒரு பானை உண்டு என்பது உன் ரத்தத்தில் இருந்தது. மூலையில் மணலைக் கொட்டி நனைத்து, பானையைப் பாதி புதைத்து, உள்ளே மாஸ்டரை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தாய். "எது கூடுனாலும் கொறஞ்சாலும் இது மட்டும் மாறக் கூடாதுலே" என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தோம். இருபதை நெருங்கி இறங்கியதும் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டோம். வேலை தொடங்கும்போதும் மத்தியானச் சாப்பாடு முடிந்தும் மாஸ்டரை வெளியே எடுப்போம், பூஜ்யம் வைப்போம், உடனே உள்ளே வைத்துவிடுவோம்.

சித்திரை லோடு முழுதாகத் திரும்பி வந்தது.

பேரிங் உட்கார வேண்டிய இடம் நாலைந்து மைக்ரான் சிறுத்திருந்ததாம். தலைமுடியைப் பத்தாகக் கிழித்தால் வருகிற ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த அளவு போதும், ஷாஃப்டின் மேல் பேரிங் நழுவ. கிணற்றுக்குள் இறக்கிய மோட்டார் ஒரு மாதத்தில் கத்திக்கொண்டு நின்றுவிடும்.

லோடு திரும்பிய மறுநாள் அவர்களுடைய இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். விருதுநகரில் இறங்கி, மல்லாங்கிணறு வழியாக வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுதி. கேஜைப் பார்த்தார். நம் கண் முன்னாலேயே ஒரு ஷாஃப்ட் தேய்க்கச் சொன்னார். பச்சை எரிந்தது. அதே மாஸ்டரில் பூஜ்யம் வைத்த நம் மேசை டயலில் வைத்தோம், சரியாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

"இங்க வச்சா சரியா இருக்குதுங்க. அங்க வந்தா சிறுத்துப் போகுதுங்க. உங்க ஊரு வெயில்ல இரும்புகூடச் சுருங்கிப் போகுமாட்ட இருக்குது."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஒரு லாட் பாக்கறனுங்க. அதுவும் இப்படி வந்துதுன்னா அப்புறம் உங்களுக்கும் எங்களுக்கும் ஆகாதுங்க."

பஸ் ஏற்றிவிட்டு வரும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஷெட் வாசலுக்கு வந்ததும் நீ நின்றாய். பிறகு, "வெயில்ல இரும்பு பெருக்கத்தானலே செய்யும்? சுருங்குதுங்கிறாரு" என்றாய்.

"கிண்டல் பண்ணிட்டுப் போறான். அது புரியலயா ஒனக்கு?"

"கிண்டல்தான். ஆனா கேள்வி நல்லாருக்கு."

அந்த வாரம்தான் உன் மச்சான் சூரத்திலிருந்து வந்திருந்தார். உன் மனைவியின் அண்ணன். அங்கே விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. உனக்கு அங்கே வேலை பேசி, டிக்கெட்டும் எடுத்து வந்திருந்தார். லோடு திரும்பிய செய்தி டவுன் முழுக்கப் பரவிவிட்டிருந்தது. ஷெட்டுக்கே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, ஒங்க ஆசைக்கு ஒரு வருசம் பாத்தாச்சு. இந்த லாட்டும் திரும்புச்சுன்னா எந்தங்கச்சி முகத்துல நான் முழிக்க முடியாது. அடுத்த சனிக்கெழம வண்டி. பேசாம வந்துருங்க."

"திரும்பாது மச்சான்."

"எப்படித் திரும்பாது? ஏன் திரும்புச்சுன்னாச்சும் தெரியுமா?"

அதுதான் நமக்கே தெரியாதே. உங்கள் இருவருக்கும் சூடு ஏறினால் பேச்சு உங்கள் வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடும். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்குப் பாதிதான் புரியும். அன்று நீ திரும்பத் திரும்பச் சொன்ன 'வொத்து' மட்டும் நன்றாகக் கேட்டது. வேண்டாம், வேண்டாம். மச்சான் கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களாச்சும் சொல்லக் கூடாதா? படிச்சவுகதானே. அவரு பொண்டாட்டி பிள்ளைய நெனச்சுப் பாக்க வேண்டாமா?"

நீ போய்விட்டால் அந்த ஷெட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் அப்போது ஓடியது. அவர் வெடுக்கென்று எழுந்தார். பின்னங்கால் பானையில் பட்டது. பானை இரண்டாகப் பிளந்து, மாஸ்டர் ஈர மணலில் உருண்டு போயிற்று.

மச்சானே பயந்துபோய், "தார் எதும் வச்சிருந்தீகளா?" என்று கேட்டார். நீ குனிந்து எடுத்து வேட்டி நுனியால் துடைத்தாய். அளக்கும் மேசைக் கல்லின் மேல், திரும்பி வந்த ஷாஃப்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாய். அன்றைக்கு அதற்கு மேல் யாருக்கும் வேலை ஓடவில்லை. மறுநாள் மின்சார விடுமுறை. பூட்டிவிட்டுப் போனோம்.

அதற்கடுத்த நாள் காலை நான் உனக்கு முன்னால் வந்துவிட்டேன். இன்ஸ்பெக்டரின் அளவு தப்பு என்று நிரூபிக்க வேண்டும். அதுதான் என் திட்டம். ஒன்றரை நாளாகக் கல்லின் மேல் கிடந்த மாஸ்டரை டயலில் வைத்துப் பூஜ்யம் வைத்தேன். திரும்பி வந்த ஷாஃப்டுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சிறுத்திருந்தன. அவர் சொன்ன அதே நாலைந்து மைக்ரான்.

நீ வந்தபோது நான் மாஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஒங்க மச்சான் காலால மாஸ்டரே போச்சு" என்றேன். விழுந்ததில் எங்கோ நெளிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நீ அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உருட்டி உருட்டிப் பார்த்தாய். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாய். ஒரு கீறல் இல்லை.

"ஏலே, இரு" என்றாய்.

ஒரு துணியை நனைத்து அதில் மாஸ்டரைச் சுற்றி, வாசல் நிழலில் காற்றுபடுகிற இடத்தில் வைத்தாய். டீ குடித்துவிட்டு வந்தோம். வெயில் ஏறித் தகரம் சுட ஆரம்பித்தபோது மாஸ்டரை எடுத்து மறுபடி பூஜ்யம் வைத்தாய். அதே ஷாஃப்டுகளை அளந்தாய். எல்லாம் சரியாக இருந்தன.

நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தக் கணத்தில் உன் முகம் இருந்ததே, அதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. முதலில் வெட்கம் வந்தது. அடுத்து சிரிப்பு. முக்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"மாஸ்டரைக் குளுகுளுன்னு வச்சிட்டு, ஷாஃப்டை வேக வச்சி அளந்திருக்கோம்லே. சூட்டுல பெருத்து நிக்கிறதை அது அளவுக்குத் தேச்சா, ஆறுனப்புறம் சிறுக்காம என்ன செய்யும்?"

மார்கழியில் பானையும் இல்லை, வெயிலும் இல்லை. மாஸ்டரும் ஷாஃப்டும் ஒரே குளிரில் இருந்தன. அதனால் எல்லாம் சரியாகப் போயிற்று. வெயில் ஏறியபின்தான் ஒன்றை மட்டும் தனியே காப்பாற்றினோம். நான் கேஜின் மேல் பாய்ந்தேன். இவ்வளவு புத்தி இருக்கிற பெட்டிக்கு இது தெரிய வேண்டாமா என்று கத்தினேன். நீ அதன் மேல் கையை வைத்துக்கொண்டாய், உன் பிள்ளையை நான் அடிக்கப் போகிறேன் என்பது போல.

"கேஜு பொய் சொல்லலலே. நாமதான் அதுக்குப் பொய் சொல்லிக் குடுத்திருக்கோம்."

அன்றைக்கே மெஷினில் ஒரு சின்னத் தட்டு பொருத்தினோம். ஷாஃப்டின் மேல் விழுகிற அதே எண்ணெய்த் தண்ணீர் மாஸ்டரின் மேலும் வழிந்து ஓடும்படி செய்தோம். ஷாஃப்ட் சுட்டால் மாஸ்டரும் சுடும். அது ஆறினால் இதுவும் ஆறும். தண்ணீர் சூடாகிற நேரத்தில் பூஜ்யத்தை அடிக்கடி வைத்தோம். ஒவ்வொரு முறையும் நீ ஒரு கையை மாஸ்டர் மேலும் ஒரு கையை ஷாஃப்ட் மேலும் வைத்துப் பார்ப்பாய். தேவையே இல்லை, தெர்மாமீட்டர் இருந்தது. ஆனால் நீ பார்ப்பாய்.

லாட் லாரியில் ஏறியது. சனிக்கிழமைக்குள் பதில் வர வேண்டும். நமக்கு அப்போது போன் இல்லை. ரோட்டோரத்து உரக்கடையின் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை முழுக்க நீ மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். ஏற்கெனவே துடைத்ததை மறுபடி துடைத்தாய். உன் பெட்டியில் துணிகளை உன் மனைவி மடித்து வைத்துவிட்டதாகச் சொன்னாய். நான் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு மெஷினின் மறுபக்கம் போனேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு உரக்கடைக்காரர் சைக்கிளில் வந்தார். இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டே கேட்டார்: "என்னப்பா, கோயம்புத்தூர்க்காரரு பேசுனாரு. எல்லாம் சரியாருக்காம். அடுத்த லோடு எப்பன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்ல, நான் உரம்ல விக்கேன்?"

உன்னை ரயிலேற்ற வந்த மச்சானை நாம் இருவரும் போய் ரயிலேற்றிவிட்டோம். ஜன்னல் வழியாக அவர் உன்னுடைய டிக்கெட்டைக் காட்டி, "இதை என்ன பண்றது மாப்ளே?" என்று கேட்டார். "நல்லா காலை நீட்டிப் படுத்துட்டுப் போங்க மச்சான்" என்றாய். வண்டி நகர்ந்தபோது அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார். அவரை மட்டும் நான் மன்னித்துவிட்டேன். அந்தக் காலில்லாமல் நமக்குத் தெரிந்திருக்காது.

அந்த இன்ஸ்பெக்டரை மன்னிக்கவில்லை. உன் மகள் கல்யாணத்துக்கு அவரை அழைத்து, முதல் பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார வைத்தாய். வேண்டுமென்றே செய்தாய். இலை போட்டதும் பானைக் கதையை நீயே அவரிடம் சொன்னாய். ஒரு வார்த்தை குறைக்காமல், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். அவருக்குப் புரையேறி, நான்தான் அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. உன் பதினாறாம் நாளுக்கும் அவர் வந்திருந்தார். வெயிலில் நடந்து வந்து சட்டையெல்லாம் ஊறிப்போயிருந்தது. எனக்கு வாய் வரை ஒரு வசை வந்தது. சொல்லாமல், நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்து, வியர்வை அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அப்புறம் பேசினோம். உன்னைப் பற்றித்தான். அவர் போனபின் யோசித்துப் பார்த்தேன்: இப்போதும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மோர் இன்னொரு டம்ளர் கேட்டபோது கொடுத்தேன். உனக்காக அவ்வளவுதான் முடியும்.

ஷெட் இப்போது பழைய ஷெட்தான். கேஜின் விரல் நுனிகளை ஒருமுறை மாற்றியிருக்கிறேன். பச்சை விளக்கின் கண்ணாடியில் நீ ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிவிட்டது, எடுக்கவில்லை. சூரத் வண்டியில் நீ ஏறியிருந்தால் நானும் எங்காவது ஒரு மேனேஜரின் கீழே போய் நின்றிருப்பேன், கோபப்பட இன்னும் நல்ல காரணங்களோடு. நீ ஏறாததால் எனக்கு இத்தனை வருஷம் கிடைத்தது.

ஒவ்வொரு சித்திரையிலும் குடிதண்ணீருக்குப் புதுப் பானை வைக்கும்போது நீ கேட்பாய்: "ஏலே, மாஸ்டரைத் தூக்கி உள்ள வச்சிரவா?" நான் சொல்வேன்: "வையி. வச்சிட்டு அப்படியே ஒங்க மச்சானுக்கு ஒரு போனைப் போடு." வருஷா வருஷம் அதே கேள்வி, அதே பதில். மெஷின் ஓட்டுபவர்கள் இருவரும் அதற்காகவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

இன்று பானையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. ஆகவே நானே கேட்டேன், உன் குரலில், நீ இழுக்கிற மாதிரியே இழுத்து. பதிலையும் நானே சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள்.

பிறகு மெஷினிடம் போனேன். ஒரு கையை மாஸ்டர் மேலும் ஒரு கையை ஷாஃப்ட் மேலும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடாக இருந்தன. சுவிட்சைப் போட்டேன்.